சாமை அறுப்பும் வருகைப் பதிவேடும்

கலந்தாய்வு நெருங்கும் மாதங்களில் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் அதிகமாக வரும். "சார், ஜவ்வாது மலையில் ஒரு பணியிடம் காலி என்று காட்டுகிறது. எடுக்கலாமா? பஸ் உண்டா? டவர் கிடைக்குமா? தங்க வீடு கிடைக்குமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் முன்பின் அறிமுகமில்லாத ஆசிரியர்கள். எனக்குத் தெரிந்த விடைகளைச் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்காத ஒன்றையும் சொல்வேன். பணியில் சேர்ந்ததும் முந்தைய மூன்று ஆண்டுகளின் வருகைப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். எந்த மாதத்தில், எந்த வாரத்தில், யார் யார் வரவில்லை என்று பாருங்கள். அந்த ஊரைப் பற்றி வேறு யாரும் சொல்லாததை அது சொல்லும்.

இதை நான் முதல் ஆண்டிலேயே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. போளூர்ப் பக்கமிருந்து ஏறினாலும் ஆலங்காயத்திலிருந்து ஏறினாலும் ஜமுனாமரத்தூர் வந்து சேரலாம். மலையின் கடைத்தெரு, ஒன்றிய அலுவலகம், வங்கி எல்லாம் அங்கேதான். செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான். ஆலங்காயம் சாலையில் காவலூரில் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. 1986இல் அந்த ஆய்வகத்துக்கு வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். நகர வெளிச்சம் எட்டாத இருட்டு வானம் வேண்டும் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இருட்டுக்கு எங்கள் ஊரிலும் குறைவில்லை. செல்போன் டவருக்குத்தான் பள்ளிக்குப் பின்னால் உள்ள பாறையில் ஏற வேண்டும். காலையில் செயலியில் வருகையைப் பதிவேற்ற நான் அந்தப் பாறைக்குப் போவதைப் பார்த்துத்தான், மணி அடிக்கப் போகிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள்.

எங்கள் ஊர் தார்ச்சாலையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடைசி நான்கு கிலோமீட்டர் மண்பாதை. "ஊர்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் உண்மையில் அது ஐந்து குடியிருப்புகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு சரிவோ ஓடையோ இருக்கும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். வரைபடத்தில் அளந்தால் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இந்த வரம்புக்குள் வந்துவிடுவார்கள். காலால் அளந்தால் வரமாட்டார்கள். நேராகப் பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் குடியிருப்பிலிருந்து ஒரு குழந்தை பள்ளிக்கு வர முக்கால் மணி நேரம் ஆகிறது. இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். ஐப்பசி மழையில் ஓடை நிறைந்துவிட்டால் இரண்டு குடியிருப்புகளின் பிள்ளைகள் வர முடியாது. கடினமான நிலப்பகுதிகளில் போக்குவரத்து போன்ற மாற்று ஏற்பாடு செய்யச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. பாதுகாவலர் வசதிக்காகப் பெயர்ப்பட்டியல் அனுப்பும்போது, தூரத்தோடு நடக்கும் நேரத்தையும் எழுதி அனுப்புவது என் வழக்கம்.

இங்கு வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். இந்தப் பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று அவர்களே பொருள் சொல்வார்கள். தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் மலையேறி வந்ததாகவும், அவர்கள் வழியில் வந்தவர்களே சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து வாழ்வதாகவும் பெரியவர்கள் கதை சொல்வார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு பழைய படிவத்தில் நான்கு பிள்ளைகளுக்குத் தாய்மொழி மலையாளம் என்று யாரோ குறித்து வைத்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே திருத்தினேன். பெயர் புரிந்ததும் ஊரும் புரிந்துவிட்டது என்று நினைத்தேன் போலும்.

மலைக்கு ஒரு கால அட்டவணை

நம் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. மலையில் உழவும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்குகிறது. முதல் மழை விழுந்ததும் சரிவு நிலங்களை உழுது சாமை விதைப்பார்கள். சிலர் கேழ்வரகும் போடுவார்கள். ஏர் ஓட்ட அப்பா, பின்னால் விதைக்க அம்மா, ஆடுகள் விளைநிலத்தில் இறங்காமல் மறிக்க ஒரு பிள்ளை. ஆகவே ஜூன் கடைசியில் ஐந்தாம் வகுப்புக்கு மேலே உள்ள ஆண் பிள்ளைகளில் சிலர் விட்டுவிட்டு வருவார்கள். அதே நாட்களில் பலாவும் பழுக்கும். புரட்டாசி, ஐப்பசியில் சாமை அறுப்பு. கதிர் முற்றியபின் மழை பிடித்தால் மணி கொட்டிப் போகும். அதனால் அந்தப் பத்துப் பதினைந்து நாட்கள் வீட்டில் யாரும் சும்மா இருக்க முடியாது. காலாண்டு விடுமுறை அறுப்போடு சேர்ந்து விழுந்த ஆண்டுகளில் வருகை குறைந்ததாகவே தெரியாது. அறுப்பு தள்ளிப்போன ஆண்டுகளில் அக்டோபர் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. மாசி, பங்குனியில் புளி உலுக்குவது. மரம் ஏறுபவர் பெரியவர், பொறுக்குவது பிள்ளைகள். கடுக்காய், தேன் என்று காட்டுப் பொருள்களுக்கும் தனித்தனிப் பருவம் உண்டு.

இந்த விடுப்புகளெல்லாம் இரண்டு நாள், ஐந்து நாள், மிஞ்சினால் பத்து நாள். பிள்ளை ஊரிலேயேதான் இருக்கும். மாலையில் அதன் குடியிருப்புக்குப் போனால் பார்த்துவிடலாம். பாடத்தை ஈடுகட்டுவதும் பெரிய காரியமில்லை. என்னைக் கலங்கடித்தது ஜனவரிக்குப் பிந்தைய பக்கங்கள்தான்.

சாமை ஒரு போகம்தான். அறுப்பு முடிந்து விற்றுக் கடனை அடைத்தபின் தை முதல் வைகாசி வரை மலையில் கூலி வேலை மிகக் குறைவு. ரேஷன் அரிசி இருப்பதால் பட்டினி இல்லை. ஆனால் எண்ணெய்க்கு, மருந்துக்கு, கல்யாணத்துக்கு, அடுத்த விதைப்புக்குக் காசு வேண்டும். குடகு, சிக்கமகளூர்ப் பக்கம் காப்பித் தோட்டங்களில் அந்த மாதங்கள்தான் பறிப்புக் காலம். சிலர் கேரளாவுக்குப் போகிறார்கள். வயதுவந்த பையன்கள் திருப்பூருக்கு. எங்கே போகிறோம் என்று வீட்டில்கூடச் சொல்லாமல் சில ஆண்கள் போன காலமும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் வனப்பகுதியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். இந்த மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த வாரம் வகுப்பில் நிலவிய அமைதியை என்னால் மறக்க முடியாது. எந்தப் பிள்ளையிடமும் "அப்பா எங்கே?" என்று சட்டென்று கேட்கக் கூடாது என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

காப்பிப் பறிப்புக்குப் போகிறவர்கள் குடும்பத்தோடு போவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து பறித்தால்தான் கட்டுப்படியாகும். எடை போட்டுத்தான் கூலி. கைக்குழந்தையையும் எடுத்துப் போக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் அக்காவாக இருப்பாள்.

நான் சொன்ன ஒரு சொல்

நான் மலைக்கு வந்த இரண்டாவது ஆண்டு. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. வரைபடத்தில் ஆறுகளைக் குறிக்கச் சொன்னால் செய்யாற்றைத்தான் முதலில் குறிப்பாள், கேட்காவிட்டாலும். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். தொடர்ந்து வராத பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டு மேலிருந்து நச்சரிப்பு. ஒரு நாள் எரிச்சலில் வகுப்பில் சொன்னேன்: "இனிமேல் வந்தாள் என்றால் பெயர் இருக்காது, அடித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்."

அடிக்கவில்லை. அடிக்கவும் முடியாது. தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பயிற்சிகளில் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரியாதே. பக்கத்து வீட்டுப் பையன் மூலம் அந்தச் சொல் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பங்குனியில் ஊர்த் திருவிழாவுக்காக அந்தக் குடும்பம் பத்து நாள் வந்திருந்தது. அந்தப் பத்து நாளும் அவள் பள்ளிப் பக்கம் வரவில்லை. ஏப்ரலில், ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கூப்பிட்டேன். "பேரு அடிச்சிட்டீங்கன்னு சொன்னாங்க சார்" என்றாள். இல்லை என்று பதிவேட்டைத் திறந்து காட்டினேன். பார்த்தாள். தேர்வும் எழுதினாள்.

ஆனால் ஒன்பதாம் வகுப்புக்குப் போகவில்லை. உயர்நிலைப் பள்ளி பன்னிரண்டு கிலோமீட்டர். விடுதியில் சேர்க்கலாம் என்று இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "அவளுக்கே இஷ்டமில்லை சார்" என்றார் அப்பா. அது உண்மையாகவும் இருக்கலாம். அந்தச் சொல் இல்லாமல் இருந்தாலும் அவள் போயிருக்கமாட்டாள் என்று சக ஆசிரியர் ஒருவர் ஆறுதல் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில்தான் பழைய பதிவேடுகளை எடுத்து உட்கார்ந்தேன். ஆண்டுதோறும் அதே வாரங்கள், பெரும்பாலும் அதே வீடுகள். எனக்கு முன்பு இருந்தவர்களும் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில்தான் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் விசாரித்தபோது இன்னொன்று தெரிந்தது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி கார்த்திகையிலேயே வந்து முன்பணம் கொடுத்துவிடுகிறார். முன்பணம் வாங்கியபின் யார் போவது, யார் இருப்பது என்பதெல்லாம் முடிந்துபோன பேச்சு. நான் தையில் போய்ப் பேசியது எல்லாம், தாலி கட்டியபின் ஜாதகம் பார்த்த கதை.

அடுத்த ஆண்டிலிருந்து ஐப்பசியில், சாமை களத்துக்கு வந்த உடனே, வீடு வீடாகப் போகத் தொடங்கினோம். "போகாதீர்கள்" என்று சொல்வதற்கல்ல. அப்படிச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. பதிலுக்குக் கொடுக்க நம்மிடம் கூலியும் இல்லை. யாரை விட்டுப் போகலாம், யாரிடம் விடலாம் என்று மட்டும் கேட்போம். பாட்டி தனியாக இருக்கும் வீடுகளில் இரண்டு மூன்று குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து விடலாம் என்று யோசனை சொன்னது நாங்கள் அல்ல, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு அம்மா. பிள்ளைகளின் பங்குக்கு அரிசியைப் பெற்றோர் கொடுத்துவிட்டுப் போவார்கள். மதியம் சத்துணவு உண்டு. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானபின் சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் பாட்டிகளின் பாரம் பெருமளவு குறைந்தது. "ராத்திரிக்கு மட்டும்தானே சார், இருக்கட்டும்" என்று அதன்பின் ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. பெரிய பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குக் கஸ்தூரிபா பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே நடு ஆண்டில் போய் இடம் கேட்டால் தடுமாற்றம்தான். முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் பேசி வைக்க வேண்டும்.

அப்படியும் சில பிள்ளைகள் போகத்தான் செய்கிறார்கள். அவர்களுக்காக எண் கணக்கும் வாசிப்புமாக ஒரு பயிற்சி நோட்டு தயாரித்துக் கொடுக்கிறோம். முழுதாக முடித்துக் கொண்டுவருபவர் குறைவு. ஒருமுறை ஒரு பையனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த அரசுப் பள்ளியில் அவன் அப்பா கொண்டுபோய் விட்டார். நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்து அந்த ஆசிரியர் உட்கார வைத்திருக்கிறார். பையன் கன்னடத்தில் நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்டு திரும்பினான். ஒரு வாரம் வகுப்பு முழுக்கக் கன்னட எண்கள்தான்.

சான்றிதழ் என்னும் மற்றொரு ஓடை

மலைப்பள்ளிக்கு வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று சாதிச் சான்றிதழ். மற்ற வகுப்பினருக்கு வட்ட அளவிலேயே கிடைத்துவிடுவது போல, பழங்குடியினர் சான்றிதழ் வட்டாட்சியரிடம் கிடைக்காது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும். விசாரணை, உறவினர் சான்று, மலையிலிருந்து இறங்கிப் போய்வரும் கூலி இழப்பு என்று அது நீளும். மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு முடித்து மேலே சேரும்போதுதான் பலர் இதைத் தேடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை நின்று, அதோடு படிப்பும் நின்ற பிள்ளைகள் உண்டு. ஆகவே ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அதன் நகலைப் பள்ளிக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மலையாளி என்னும் பெயர் பழங்குடியினர் பட்டியலில் மாவட்டங்களின் பெயரோடுதான் இருக்கிறது: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அதில் இல்லை. அதனால் ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் வாழும் அதே இனத்தாருக்கு அந்தத் தகுதி கிடைக்காமல் நீண்ட காலமாகப் போராடிவருகிறார்கள். எட்டாம் வகுப்புக் குடிமையியலில் இதை எப்படி விளக்குவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

குறைகளையே சொல்லிக்கொண்டு போகிறேனோ என்று தோன்றுகிறது. ஆறாம் வகுப்பில் கற்காலப் பாடம் நடத்திய ஒரு நாளைச் சொல்ல வேண்டும். புதிய கற்காலத்தில் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடாரி பயன்பட்டது என்று படத்தைக் காட்டினேன். வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன், "இது எங்க பிள்ளையார் கோயில்ல இருக்குது சார்" என்றான். மாலையில் அவனோடு போனேன். மரத்தடியில் பிள்ளையாருக்கு முன்னால் வரிசையாக, விபூதி பூசி, பத்துப் பன்னிரண்டு கற்கோடாரிகள். உழும்போது கிடைப்பதைச் சாமிக்குக் கொண்டுவந்து வைப்பது வழக்கமாம். ஜவ்வாது மலையில் பல ஊர்களில் இப்படி வைத்து வணங்குகிறார்கள். மறுநாள் வகுப்பை அங்கேயே நடத்தினேன். எதையும் தொடாமல், எடுக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு. கல்லின் எந்தப் பக்கம் கூர், எந்தப் பக்கம் பிடி என்று அந்தப் பையன்தான் விளக்கினான். அதற்குப் பிறகு அவன் வகுப்பில் பேசாமல் இருந்த நாள் இல்லை. சில நேரம் அடக்கவும் வேண்டியிருக்கிறது.

சாமையும் அப்படித்தான். 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தபோது பள்ளியில் சிறுதானியக் கண்காட்சி வைத்தோம். பிள்ளைகள் சாமையை விதைப்பது முதல் தூற்றுவது வரை சொன்னார்கள். "வீட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் சாமைச் சோறு?" என்று கேட்டேன். பாதிப் பேர், விசேஷத்துக்கு மட்டும் என்றார்கள். உமி நீக்க உரலில் இடிப்பது பெண்களுக்குப் பெரும்பாடு. ரேஷன் அரிசி கையில் இருக்கும்போது யார் இடிப்பார்கள்? மூட்டையாகவே கீழே விற்றுவிடுகிறார்கள். நகரத்தில் அதை அழகான பையில் போட்டு என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று ஒரு பையின் படத்தைக் காட்டினேன். அன்றைய கணக்குப் பாடம் தானாகவே நடந்தது.

இதை எழுதும்போது கார்த்திகை முடியப் போகிறது. மேஸ்திரி வந்து போய்விட்டார். இந்த ஆண்டு எங்கள் பட்டியலில் ஒன்பது வீடுகள். அவற்றில் ஒன்று அந்தப் பெண்ணின் வீடு. குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றவள். கட்டிக்கொடுத்தது இதே ஊரில்தான். மூத்த மகன் ஜூனில் எங்களிடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். சென்ற வாரம் அவனை அழைத்துப் போக வந்தவள் வாசலிலேயே நின்று, "ரெண்டு மாசம்தான் சார். பேரு இருக்கும்ல?" என்று கேட்டாள்.

இருக்கும் என்றேன். பையனை மாமியாரிடம் விட்டுப் போகச் சொல்லிப் பார்த்தேன். மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, இரவில் பிள்ளையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்கிறாள். பக்கத்துக் குடியிருப்பில் நான்கு பிள்ளைகள் சேர்ந்து தங்கும் பாட்டி வீட்டில் ஐந்தாவதாக ஒருவனைச் சேர்க்க முடியுமா என்று சனிக்கிழமை போய்க் கேட்க இருக்கிறோம். அவளும் கூட வருகிறாள்.